தாய்மார் சொல்லாத துன்பம்: அறுவைக்குப் பின்வரும் ஆண்டுகள்

(நஞ்சன்கூடு வாழ் தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பை நாடி வந்து, கபிலையாற்றின் கரையிலே குடியேறிய நாம், ஆண்டுக்கு ஒருமுறை ஒன்று கூடுகின்றோம். இத்தகைய நாளில் இலக்கியம் பேசுதல் மரபு. இசை கேட்டல் மரபு. யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ அவ்வகையினது அன்று. இருமினாலும், தும்மினாலும், குடத்தைத் தூக்கினாலும், வாய்விட்டுச் சிரித்தாலும் தம்மை மீறிச் சிறுநீர் கசிந்துவிடுகின்ற துன்பத்தால் பல பெண்மணிகள் வாடுகின்றனர். அவர்களுக்கெனச் செய்யப்படும் அறுவை மருத்துவம், ஐந்தாண்டும் பத்தாண்டும் பதினேழாண்டும் கழிந்த பின்னரும் பயன் தருகின்றதா? இதுவே எமது பொருள்.

“இதனைப் பேச ஓர் ஆடவருக்கு என்ன தகுதி?” என்று சிலர் கேட்கலாம். கேள்வி நேரியதே. யாம் மருத்துவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்திலே பேரேடும் கோப்பும் பார்த்து வருகின்றோம். ஆயினும் ஒரு கணக்கு கையில் வந்தால், எத்தனை பேரை எண்ணினார்கள், எவ்வாறு எண்ணினார்கள், யாரை எண்ணாது விட்டார்கள் என்று பார்ப்பது எமது அன்றாடத் தொழில். அந்தக் கண்ணோடு இப்பொருளை நோக்கினோம். நோக்கியதை உங்கள் முன் வைக்கின்றோம். மருந்தும் கத்தியும் மருத்துவர் கையில் இருக்கட்டும்; தெளிவு நம் கையில் இருத்தல் வேண்டும்.

பெருமக்களே! இந்நோயின் முதற்கொடுமை கசிவன்று, மௌனம். பங்குனித் திங்களில் இவ்வூரிலே ஐந்து தேர் ஓடும் பெரிய ஜாத்திரை நடைபெறுகின்றது. எங்கெங்கிருந்தோ மக்கள் வந்து குவிகின்றனர். தேர்வீதிக்கு அருகிலேயே வாழும் நம் தாய்மாருள் சிலரோ, “எனக்குக் கூட்டம் ஆகாது, நீங்கள் போய் வாருங்கள்” என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர். காரணம் கூட்டமன்று என்பதை அவர்களே அறிவர். மைசூருக்கு இரயில் ஏறுவதென்றால் காலைமுதல் தண்ணீர் அருந்தாதவர் உண்டு. புடவைக்குள் பழந்துணியை மடித்து வைத்து அதனைத் தாமே துவைத்து, மகளுக்கும் மருமகளுக்கும் தெரியாமல் உலர்த்துவோர் உண்டு. பேரக்குழந்தையைத் தூக்கவும் அஞ்சுவோர் உண்டு. கேட்டால், “பிள்ளை பெற்றவளுக்கு இது இயல்புதானே” என்பர். பலருக்கு நேர்வது என்பது உண்மை. அதனால் அது பொறுத்துத்தான் தீர வேண்டியது ஆகிவிடாது.

வெட்கம் எவ்வளவு கொடிது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1890-களில் திண்டிவனத்திலே ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண் தம் பெற்றோருடன் தங்கியிருந்தார். தந்தையார் மருத்துவர். ஓரிரவில் மூவர், ஒருவர்பின் ஒருவராக வந்து, பிள்ளைப்பேற்றிலே துன்புறும் தம் மனைவியர்க்கு உதவ வருமாறு அப்பெண்ணை வேண்டினர். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையார் வருவார் என்று அவர் கூறினார். ஆடவர் எவரும் தம் மனைவியரைப் பார்க்கலாகாது என்று மூவரும் திரும்பிச் சென்றனர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். அந்த மூன்று சாவுகளே அவரை மருத்துவம் படிக்கச் செய்தன. வேலூரில் கிறித்துவ மருத்துவக் கல்லூரி எழக் காரணமாயின. இன்று நாம் பேசும் நோய் உயிரைக் கொல்வதன்று. வாழ்க்கையைச் சிறிது சிறிதாகச் சுருக்குவது. ஆயினும் இரண்டிற்கும் காவல் நிற்பது அதே வெட்கந்தான்.

இனி நோயின் இயல்பைக் காண்போம். இடுப்பெலும்பின் அடியிலே தசைகள் ஒரு தூளியைப்போல் அமைந்து, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்கி நிற்கின்றன. இருமும்போது வயிற்றின் அழுத்தம் சிறுநீர்ப்பையின்மேல் விழும். அடித்தாங்கல் உறுதியாயிருந்தால் சிறுநீர்க்குழாய் நெருக்குண்டு மூடிக்கொள்ளும். தாங்கல் தளர்ந்தால் மூடாது, கசியும். இஃது அழுத்தக் கசிவு. பிள்ளைப்பேறு, முதுமை, உடற்பருமன், அடுப்புப் புகையாலும் பிறவற்றாலும் வரும் நீங்காத இருமல், மலச்சிக்கல், ஓயாத பாரந்தூக்கல் ஆகியன இத்தளர்ச்சிக்குத் துணை நிற்பன.

மற்றொரு வகையும் உண்டு. அடித்தாங்கல் நன்றாயிருந்தும், சிறுநீர்ப்பையே வேளையல்லா வேளையில் சுருங்கி, “இப்பொழுதே போகவேண்டும்” என்று விரட்டும். கழிப்பறையை அடையுமுன் கசிந்துவிடும். இஃது அவசரக் கசிவு. இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்திருத்தலும் உண்டு. இந்த வேறுபாட்டைத் தாய்மார்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஏனெனில் யாம் சொல்லப் போகும் அறுவைகள் அழுத்தக் கசிவுக்கு உரியன. அவசரக் கசிவுக்குப் பழக்கப் பயிற்சியும் மாத்திரையும் பிறவும் உள. வகை அறியாது செய்த அறுவை, வழி தெரியாது ஏறிய வண்டியை ஒக்கும். வண்டி நன்றாகவே ஓடும், ஊர் மட்டும் வேறாயிருக்கும்.

அறுவைக்கு முன்னர் ஒரு படி உண்டு. 1948 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் என்பவர், இடுப்படித் தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்று எழுதினார். சிறுநீரை அடக்குவது போன்று அத்தசைகளைச் சுருக்கிச் சில நொடிகள் நிறுத்திப் பின் தளர்த்துவதே அப்பயிற்சி. ஒரு வேளைக்கு 8 முறையேனும், நாளொன்றுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம், பயிற்சி அறிந்தவரின் மேற்பார்வையிலே செய்து பார்க்கவேண்டும் என்பது இங்கிலாந்து நாட்டு மருத்துவ வழிகாட்டுதல். செலவில்லை, வடுவில்லை. அடுக்களையில் நின்றபடியும் செய்யலாம். உடற்பருமன் உடையார் எடையைக் குறைத்தாலும் கசிவு குறையும்.

பயிற்சி எல்லோர்க்கும் போதுமா? போதாது. நெதர்லாந்து நாட்டில் அழுத்தக் கசிவுடைய 460 பெண்களை இரு கூறாக்கி, ஒரு சாரார்க்குப் பயிற்சியும் மற்றொரு சாரார்க்கு அறுவையும் அளித்துப் பார்த்தனர். 2013 இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டின் முடிவில், அறுவைப் பிரிவினருள் நூற்றுக்கு 91 பேரும் பயிற்சிப் பிரிவினருள் நூற்றுக்கு 64 பேரும் நலம் கூடிற்று என்றனர். பயிற்சிப் பிரிவில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆண்டு முடியுமுன் அறுவைக்கு மாறியிருந்தனர். மற்றப் பாதியினர் கத்தியைத் தொடாமலே ஆண்டைக் கடந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

இப்பொழுது அறுவைகளுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்காவில் ஹோவர்டு கெல்லி என்பவர், சிறுநீர்ப்பையின் கழுத்தருகே தளர்ந்த தசையை மடித்துத் தைக்கும் முறையை வகுத்தார். நெடுங்காலம் பலரும் இதனையே கையாண்டனர். எளிதாயினும், ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் பிடிப்புத் தளர்ந்தது. 1961 இல் ஜான் பர்ச் என்பவர், சிறுநீர்ப்பையின் கழுத்தை ஒட்டிய பகுதியை மேலே உயர்த்தி, இடுப்பெலும்பின் உட்புறத்து உறுதியான நாரோடு தைத்து நிறுத்தும் முறையை வெளியிட்டார். மற்றொரு வழி தூளி. நோயாளியின் வயிற்றுத் தசையுறையிலிருந்தே ஒரு நாடாவை வெட்டியெடுத்துச் சிறுநீர்க்குழாயின் கீழே தூளிபோற் கட்டுவது அது. 1942 இல் ஆல்டிரிட்ஜ் என்பார் இதற்கு ஒரு வடிவம் தந்தார், பின்வந்தோர் திருத்தினர்.

அதன்பின் வந்தது வலைநாடா. சுவீடன் நாட்டு உப்சாலா நகரத்து உல்ஃப் உல்ம்ஸ்டன் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பாலிப்ரோப்பிலீன் வலைநாடாவைச் சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதியின் கீழே இறுக்கமின்றி வைக்கும் முறையை 1996 இல் வெளியிட்டனர். அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே இதனைச் செய்ய இயன்றது. பெரிய கீறல் இல்லை. நெடுநாள் படுக்கையும் இல்லை. ஆகவே உலகெங்கும் விரைந்து பரவிற்று.

பெருமக்களே! ஒரு பாலத்தின் தரத்தைத் திறப்பு விழா நாளிலே அறிதல் இயலாது. நம்மூரிலே கபிலையின்மேல் 1735 இல் கட்டியதாகச் சொல்லப்படும் பழைய பாலம் சாலையையும் பின்னாளில் இருப்புப் பாதையையும் சேர்த்துத் தாங்கிற்று. அதற்குச் சான்றிதழ் தந்தவை ஆண்டுகளும் வெள்ளங்களுமே. அறுவையும் அவ்வாறே. வீடு திரும்பும் நாளில் “குணமாயிற்று” என்பது முதற்சொல். முடிந்த சொல் அன்று. ஆண்டுகள் என்ன சொல்லின என்று கேட்போம்.

முதலாவதாக, பர்ச் முறை. அம்முறையில் அறுவை செய்துகொண்டோரை 10 முதல் 20 ஆண்டுகள் கழித்து இலண்டன் மருத்துவர்கள் ஆராய்ந்து, 1995 இல் வெளியிட்டனர். முதற் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்வரை குணம் சிறிது சிறிதாகக் குறைந்து, பின்னர் நூற்றுக்கு 69 என்னும் அளவிலே நிலைத்து நின்றது.

இரண்டாவதாக, பர்ச் முறையையும் வயிற்றுத் தசையுறைத் தூளியையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு. 655 பெண்கள் அதில் இடம்பெற்றனர். 2 ஆண்டுகளின் முடிவில், எவ்வகைக் கசிவும் இன்றி இருந்தோர் தூளிப் பிரிவில் நூற்றுக்கு 47 பேர்; பர்ச் பிரிவில் 38 பேர். தூளியிட்டோர்க்குச் சிறுநீர் கழிப்பதில் தடையும், சிறுநீர்த் தொற்றும், அவசரக் கசிவும் மிகுதியாயின. 5 ஆண்டுகளின் முடிவில் அவ்வெண்கள் முறையே 31 எனவும் 24 எனவும் தாழ்ந்தன.

கேட்ட அளவிலே உள்ளம் சோர்கின்றதன்றோ? பொறுங்கள். அதே ஐந்தாம் ஆண்டில், “அறுவையால் மனநிறைவு உற்றீர்களா?” என்று வினவியபோது, தூளிப் பிரிவில் நூற்றுக்கு 83 பேரும் பர்ச் பிரிவில் 73 பேரும் “ஆம்” என்றனர். இது முரண்பாடன்று. அந்த ஆய்வின் அளவுகோல் மிகக் கடுமையானது. இருமலில் கசியலாகாது, அணிந்த துணியின் எடை கூடலாகாது, மூன்று நாள் குறிப்பேட்டில் ஒரு துளியும் பதியலாகாது, அவசரக் கசிவும் கூடாது. ஒன்று தவறினும் தோல்விப் பத்தியிலேயே எழுதினர். முன்னர் நாள்தோறும் நனைந்தவர் இப்பொழுது எப்போதோ ஒருமுறை நனைந்தால், பேரேட்டில் அவர் தோல்வி. தம் வாழ்விலோ அவர் வென்றவர். ஆகவே எவரேனும் நூற்றுக்கு இத்தனை என்று எண்ணைச் சொன்னால், “எதனைக் குணம் என்று கொண்டீர்கள்?” என்பதே நம் முதற்கேள்வியாதல் வேண்டும்.

மூன்றாவதாக, வலைநாடா. தொடக்கக் காலத்தில் வட ஐரோப்பாவின் மூன்று மருத்துவமனைகளிலே அறுவை செய்துகொண்ட 90 பெண்களை 17 ஆண்டுகள்வரை தொடர்ந்து கவனித்து, 2013 இல் எழுதினர். அப்போது பார்க்கக் கூடியவராய் இருந்தோருள் நூற்றுக்கு 78 பேரை நேரிலோ தொலைபேசியிலோ விசாரித்தனர். சோதிக்கப்பட்டோருள் நூற்றுக்குத் 90-க்கு மேற்பட்டோர் கசிவின்றி இருந்தனர். குணமாயிற்று என்றோ, பெரிதும் தேவலை என்றோ கூறியவர் நூற்றுக்கு 87 பேர். ஒரே ஒருவர்க்கு நாடா சிறிதளவு வெளித்தெரிந்தது; அவர்க்கும் அதனால் துன்பமில்லை. மிக நல்ல முடிவே. ஆயினும் இவர்கள் புதிய முறையில் தேர்ந்த கைகளால் அறுவை பெற்றோர் என்பதைக் கருதுதல் வேண்டும். அமெரிக்காவில் 597 பெண்களுக்கு இருவகை வழிகளில் வலைநாடா வைத்து நடத்திய வேறோர் ஆய்வில், கடும் அளவுகோலின்படி 5 ஆண்டுகளுக்குப் பின் குணம் ஒரு வழியில் நூற்றுக்கு 51, மற்றொரு வழியில் 43 என்றே அமைந்தது.

இனி, கசப்பான பக்கத்தையும் புரட்டுவோம். இங்கிலாந்து நாட்டில் 2006 முதல் 2015 வரை முதன்முறையாக வலைநாடா வைத்துக்கொண்ட 95,057 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து, 2018 இல் வெளியிட்டனர். 9 ஆண்டுகளுக்குள் நாடாவை முழுதுமோ பகுதியோ எடுக்க நேர்ந்தது நூற்றுக்கு 3.3 பேர்க்கு. கசிவுக்காக மறுபடியும் அறுவை செய்ய நேர்ந்தது நூற்றுக்கு 4.5 பேர்க்கு. எண் சிறிது. ஆனால் 95,057 பேரில் நூற்றுக்கு மூவர் என்றால், மூவாயிரம் பெண்மணிகள்! மேலும், எடுத்தவர் கணக்குத்தான் பதிவேட்டில் ஏறும். வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தவர் கணக்கு ஏறாது. பேரேடு எழுதுவோர்க்கு இது தெரிந்த செய்தியே.

அந்தப் பெண்கள் வாளா இருக்கவில்லை. நீங்காத வலி, தாம்பத்தியத்தில் துன்பம், நாடா திசுவை அறுத்து வெளிவருதல், நடக்கவும் இயலாமை என்று முறையிட்டனர். ஸ்காட்லாந்து அரசு 2014 இல் வலை அறுவையை நிறுத்தி வைக்குமாறு வேண்டிற்று. இங்கிலாந்து 2018 சூலையில் நிறுத்தி வைத்தது. கம்பர்லெஜ் சீமாட்டியார் தலைமையில் அமைந்த குழு, 2020 சூலையில் “முதலில் தீங்கு செய்யாதே” என்னும் பொருள்படும் தலைப்பிலே அறிக்கை அளித்தது. வலி என்று சொன்ன பெண்களிடம், “எல்லாம் உன் மனத்தில்தான்” என்று சொல்லி அனுப்பியதே பெருங்குற்றம் என்பது அவ்வறிக்கையின் சாரம். உடலுள் வைக்கும் பொருள் ஒவ்வொன்றிற்கும் பதிவேடு வேண்டும் என்றும் அக்குழு கூறிற்று. அமெரிக்க அரசின் மருந்துத்துறை 2019 இல் விற்பனையை நிறுத்தச் சொன்னதோ, கருப்பை, சிறுநீர்ப்பை இறக்கத்திற்காகப் பெண்ணுறுப்பு வழியே வைக்கும் பெரிய வலையையே. கசிவுக்குரிய சிறுநாடாவை அன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி அஞ்சுதலும் தவறு. ஒன்றும் இல்லை என்று மறைத்தலும் தவறு.

ஆகவே யாம் கண்ட முடிவு இதுவே. அறுவை பயனற்றதன்று, பெரும்பாலோர்க்குப் பல்லாண்டு நலம் தருகின்றது. அது மாயமும் அன்று. காலம் செல்லச் செல்லப் பயன் ஓரளவு குறைகின்றது. சிலர்க்குப் புதுத்துன்பமும் வருகின்றது. உயிர் காக்கும் அவசர அறுவை அன்றாதலின், எண்ணிப் பார்க்க நேரம் உண்டு. அவ்வாறு எண்ணும் தாய்மார்கள், மருத்துவரிடம் சில கேள்விகளைத் தயங்காது கேட்டல் வேண்டும்.

எனக்கு உள்ளது அழுத்தக் கசிவா, அவசரக் கசிவா, இரண்டுமா? பயிற்சியை மூன்று மாதம் செய்து பார்த்தாயிற்றா? எந்த முறை; என் தசையுறையா, வலைநாடாவா, தையலா? இம்முறையை நீங்கள் எத்தனை பேர்க்குச் செய்திருக்கின்றீர்கள்? பின்னாளில் நாடாவை எடுக்க நேர்ந்தால் அது எளிதா? இன்னும் பிள்ளைப்பேறு வேண்டும் என்பவர் அதனையும் முன்னரே சொல்லிவிடுதல் நன்று. நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் சினம் கொள்ளார், மகிழ்வார்.

அறுவை முடிந்த பின்னரும் கடமை உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளைப் பத்திரப்படுத்துங்கள். நாடா வைத்திருந்தால் அதன் பெயரும் எண்ணும் நாளும் அதில் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். சிறுநீர் இறங்காமை, சிறுநீரில் குருதி, அடிக்கடி தொற்று, நீங்காத வலி, பெண்ணுறுப்பில் குருதியோ புதிய கசிவோ ஆகியன தோன்றின், ஓராண்டு ஆயினும் பத்தாண்டு ஆயினும், மருத்துவரிடம் மறுபடி செல்லுங்கள். “அறுவைதான் முடிந்துவிட்டதே” என்று இருந்துவிடாதீர்கள்.

எங்கே செல்வது? சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலே மைசூரு உள்ளது. அங்கே மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த செலுவாம்பா மகளிர் மருத்துவமனை உண்டு. பிற பெரிய மருத்துவமனைகளும் உண்டு. இரயில்வே ஊழியர் குடும்பத்தார்க்கு மைசூரு இரயில்வே மருத்துவமனை வழியுண்டு. தொழிற்சாலைத் தோழர்களுக்கு ஈ.எஸ்.ஐ. திட்டம் வழியுண்டு. கன்னடம் தடையாயிருப்பின், நம்முள் மொழி தெரிந்த பெண்மணி ஒருவர் உடன் செல்வது இச்சங்கம் செய்யக்கூடிய சிறிய, ஆனால் அரிய உதவி. இம்மேடையிலிருந்தே அதனை வேண்டுகின்றோம்.

இறுதியாக ஆடவர்க்கு ஒரு சொல். திப்பு சுல்தான், தம் யானையின் கண்நோய் தீர்ந்ததனால் இவ்வூர் இறைவனை “ஹக்கீம் நஞ்சுண்டர்” என்று போற்றினார் என்பது இங்கு வழங்கும் வரலாறு. யானையின் நோய்க்கும் மன்னர் ஒருவர் மருந்து தேடிய ஊர் இது. நம்மைப் பெற்றவரும், நம் மக்களைப் பெற்றவரும் படுகின்ற துன்பத்தை நாம் கேளாது இருப்பது அழகாகுமா? “ஏன் நீ ஜாத்திரைக்கு வரவில்லை?” என்று ஒருமுறை பரிவோடு கேளுங்கள். விடை உடனே வாராது. ஏளனம் செய்யமாட்டீர் என்ற நம்பிக்கை பிறந்தபின் வரும். வந்தால், “எல்லோர்க்கும் உள்ளதுதானே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உடன் புறப்படுங்கள்.

தாய்மார்களே! பயிற்சி போதுமா, அறுவை வேண்டுமா, இரண்டும் வேண்டாவா என்பதை முடிவு செய்யும் உரிமை உங்களுடையது. அம்முடிவை வெட்கம் செய்யலாகாது, அச்சமும் செய்யலாகாது, அறிவு செய்தல் வேண்டும்.